வாய்க்குள் தங்கம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து அக்கா கை கழுவிக்கொண்டிருந்தபோது வண்டி வாசலில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் பழைய கம்பளியின் முடை நாற்றம் முதலில் வந்தது. அதற்கடியில் அணைந்த மெழுகுத்திரியின் வாசனை. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு சிலை, தலையிலிருந்து கால்வரை கம்பளி சுற்றிக் கயிறு கட்டிக் கிடந்தது. கைகள் இரண்டும் தனியாக ஒரு பெட்டியில் இருந்தன. தலைப்பக்கம் சிலையோடு வந்த மாதா கோயில் மணியடிப்பவர் பிடித்தார், கால்பக்கம் வண்டியோட்டி.

"பார்த்துப்பா, மெதுவா. அவரு ஏற்கெனவே நிறையப் பட்டாச்சு" என்றார் மணியடிப்பவர்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. கீழே வேலை, மாடியில் வீடு. பழைய மரச்சிலைகளும் படச் சட்டங்களும் அங்கே வந்து சீராகிப் போகும். மரத்தை அக்கா பார்ப்பாள், தங்கத்தைத் தங்கை பார்ப்பாள். அப்பா இருந்த காலத்திலேயே அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி வேலையில் மற்றவள் மூக்கை நுழைத்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் தங்கையின் தங்க வேலைக்கு நாள் எண்ணியாகிவிட்டது. அவளுடைய நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெண்மையாகத் தெரிந்த இடங்களையெல்லாம் விரலால் சுற்றிக் காட்டினார். இறுகியது இளகாது என்றார். இனி எவ்வளவு மெதுவாக இறுகுகிறது என்பதுதான் கேள்வி. மாடிப்படியில் பாதி ஏறி நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தங்கை இருமும் சத்தம் அக்காவுக்கு எந்தத் தூக்கத்திலும் கேட்கும். அந்த வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருமில்லை.

சிலையை மேஜையில் கிடத்தி, கம்பளியைப் பிரித்தார்கள். சிலுவையில் தொங்கியவரின் உருவம். தோளோடு நின்றுபோன உடம்பு. அதில் குறையொன்றுமில்லை, விரித்த கைகளை ஒரே மரத்தில் செதுக்கினால் இழை குறுக்கே ஓடி முறிந்துபோகும், அதனால் கைகளைத் தனியே செதுக்கி முளை அடித்துப் பொருத்துவார்கள். கையில்லாமல் மல்லாந்து கிடந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

வாய் திறந்திருப்பதும் வழக்கம்தான். கடைசி மூச்சைக் காட்ட அப்படிச் செதுக்குவார்கள். உதட்டுக்குப் பின்னால் ஒரு விரல்கணு ஆழத்துக்குத் தோண்டி, கறுப்படித்து விட்டுவிடுவார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது போதும்.

இந்த வாய் அங்கே நிற்கவில்லை.

அக்கா ஒயர் முனையில் பொருத்திய சின்னக் கேமராவை உள்ளே விட்டாள். திரையில் நாக்கு தெரிந்தது. அதைத் தாண்டித் தொண்டை வளைந்து இறங்கி, நெஞ்சுக்குள் ஒரு பெரிய குடைவில் போய் முடிந்தது. மரம் காயும்போது வெளியும் உள்ளும் ஒரே வேகத்தில் சுருங்காது, பிளந்துவிடும். அதற்காகப் பெரிய சிலைகளை முதுகுப்பக்கமிருந்து குடைவதுண்டு. இதன் முதுகு முழுசாக இருந்தது. நெஞ்சுக்குப் போக வாய் ஒன்றுதான் வழி. அந்த வழி நெடுக, யார் கண்ணும் படாத அந்த இருட்டு முழுக்க, தங்கம் பூசியிருந்தது.

"வெளியில எளிமை, உள்ளுக்குள்ள பணக்காரரு" என்றாள் தங்கை. சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

உதட்டின் உள்விளிம்பிலும் நாக்கிலும் மட்டும் தங்கம் போயிருந்தது. கைபட்டுத் தேய்ந்தால் கீறல் இருக்கும். இதில் கீறல் இல்லை. ஈரம் பட்டுப் பட்டு மங்கி உரிந்ததுபோல இருந்தது. அந்த இடத்துக்குப் புதிதாகத் தங்கம் வைக்க வேண்டும் என்று தங்கை சொன்னாள். அக்கா வேண்டாம் என்றாள். தூசி கிளம்பும் என்றாள், டாக்டர் பேச்சை எடுத்தாள். தங்கை முகமூடியை மாட்டிக்கொண்டு, இதுதான் கடைசி என்று வைத்துக்கொள் என்றாள். அதற்குமேல் அக்காவால் பேச முடியவில்லை.

தங்கரேக்கு என்ற மெல்லிய தங்கத்தகட்டை வைக்கும் விதம் இது. முதலில் மரத்தின்மேல் வெள்ளைச் சுண்ணப்பூச்சு. அதன்மேல் பசை கலந்த சிவப்புக் களிமண் பூச்சு. காய்ந்தபின் அதைக் கண்ணாடிபோலத் தேய்ப்பார்கள். தேய்த்த களிமண்ணுக்குள் பசை தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப, பெரிய பரப்பு என்றால் தண்ணீர் தடவுவார்கள். சின்ன ஒட்டுவேலைக்குத் தண்ணீர் அதிகம். அங்கே மூச்சுதான் கருவி. ஊதக் கூடாது. ஊதினால் வருவது குளிர்ந்த காற்று, ரேக்கும் பறந்துவிடும். வாயை அகலத் திறந்து, நெஞ்சின் அடியிலிருந்து வெதுவெதுப்பாக மூச்சை விட வேண்டும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பசை இளகும். இளகிய நொடியில் ரேக்கை வைத்தால் களிமண் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

தங்கை முகமூடியைக் கழற்றினாள். சிலையின் முகத்தின்மேல் குனிந்தாள். இருவர் வாயும் தொடாத குறையாக நெருங்கின. அவள் நெஞ்சிலிருந்து மூச்சை விட்டாள்.

மூச்சு உள்ளே போகும் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. தொண்டை வளைவில் திரும்பி, கீழே இறங்கி, போய்க்கொண்டே இருந்தது.

குடத்துக்குள் மூச்சு விட்டால் முகத்தில் திரும்ப அடிக்கும். இது திரும்பவில்லை.

வேலை சாயங்காலத்துக்குள் முடிந்தது. தங்கை கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அக்கா வழக்கம்போலக் காதைத் தீட்டிக்கொண்டு, அந்தப் பாதிப்படி இருமலுக்காகக் காத்திருந்தாள். மேலே பாத்திரம் உருட்டும் சத்தம்தான் கேட்டது.

அடுத்த வாரம் டாக்டர் புதிய படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதியதில் அந்த வெண்மையைக் காணோம். பிறகு உறையின்மேல் இருந்த பெயரைப் பார்த்தார். வேறு யாருடைய படமாவது கலந்துவிட்டதா என்று நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா அழுதாள். தங்கை அவளைக் கேலி செய்தபடி முன்னால் வேகவேகமாக நடந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அக்கா தன் தப்பைக் கண்டுபிடித்தாள். சிலைக்கு அடியில் மேஜைமேல் வெளிர் நிறத்தில் மாவுபோலத் தூள் விழுந்திருந்தது. புழுத்துளைகள் பழையவை, உள்ளே எதுவும் உயிரோடு இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பழைய தூள் பழுப்பாக இருக்கும்; இது புதுசு. புழுவைக் கொன்ற பிறகுதான் மற்ற வேலையைத் தொட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். தங்கையின் ஆசைக்காக அவசரப்பட்டு, தங்கத்தை முதலில் வைத்தாயிற்று.

இனி மருந்தடித்தால் புதுத் தங்கம் போய்விடும். காற்றை எடுத்துக் கொல்வது ஒன்றே வழி. காற்று ஊடுருவாத தடித்த பிளாஸ்டிக் தாளால் சிலையை முழுக்க மூடி, விளிம்புகளைச் சூட்டால் ஒட்டிவிடுவார்கள். உள்ளே இரும்புத் தூள் பொட்டலங்களை வைப்பார்கள். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். பையிலிருக்கும் ஆக்சிஜனையெல்லாம் அது தின்றுவிடும். அளவைக் காட்ட உள்ளே ஒரு மீட்டர். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது பையும் சுருங்கிப் பொருளின்மேல் ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களில் புழு மூச்சுமுட்டிச் சாகும்.

காலையில் பையை ஒட்டி முடித்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குள் சூடான பிளாஸ்டிக் வாசனை.

மத்தியானத்துக்குள் தாள் இறுக ஆரம்பித்தது. முதலில் கால்கள், பிறகு விலா எலும்புகள். பிறகு முகம். நெற்றியில் ஒட்டி, மூக்கின் இருபுறமும் படிந்து, திறந்த வாயின்மேல் தோல்போல இழுத்துக்கொண்டு நின்றது. எத்தனையோ சிலைகளை இப்படி மூடியிருக்கிறாள். இதைப் பார்க்க மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மாடியில் ஏதோ விழுந்தது.

தங்கை படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமவில்லை. இருமுவதற்கே காற்று வேண்டுமே. வாயைத் திறந்து திறந்து மூடினாள், உள்ளே எதுவும் போகவில்லை. மருந்துக் குழலை வாயில் வைத்து அழுத்தினால் மருந்து நாக்கிலேயே தங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தாள் அக்கா. மழைக்காற்று அறை முழுக்க வீசியது. அது தங்கைக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைத் தேடிக் கீழே ஓடினாள். போன் சிலையின் பக்கத்தில் கிடந்தது.

பைக்குள், வாயிருந்த இடத்தில், தாள் வெளுத்திருந்தது.

கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் பனி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் மெல்ல உள்ளே குழிந்தது. பிறகு வெளியே தளர்ந்தது. மறுபடி குழிந்தது. மாடியில் தங்கையின் தொண்டை கரகரக்கும் சத்தமும் அதே நேரத்தில் வந்தது.

ஆம்புலன்ஸை அழைத்த கையோடு மணியடிப்பவரை அழைத்தாள். இந்த வாயில் யாராவது எப்போதாவது மூச்சு விட்டார்களா என்று கேட்டாள். அப்படிக் கேட்க அவளுக்கு எப்படித் தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. அவர் பதிலுக்குக் கேட்டார்.

"நீங்க யாராச்சும் விட்டீங்களா?"

"தங்கச்சி விட்டா. தங்கம் வைக்க."

அவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அங்கே முன்னொரு காலத்தில் ஒரு பாதிரியார் இருந்தார் என்றார். ஊர் அவரை மந்திரச் சாமி என்று கூப்பிட்டது. வேதத்தில் இயேசு குணமாக்கிய இடங்களையெல்லாம் அவர் செய்முறையாகப் படித்தவர். குருடனின் கண்ணில் எச்சிலும் மண்ணும் குழைத்துப் பூசியது, செவிடனின் காதில் விரல் வைத்து ஒரு சொல் சொன்னது, சீடர்கள்மேல் மூச்சு ஊதியது. இயேசுவை நல்லவர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்கள், அவர் வேலை தெரிந்தவர் என்று பிரசங்கத்திலேயே சொல்வாராம். நம் நோய்களை அவர் ஏற்றுக்கொண்டார் என்ற வசனத்தை அப்படியே செய்து காட்டத்தான் இந்தச் சிலை. நோயாளியின் மூச்சை இதன் வாய்க்குள் விடச் சொல்வார். நோய் உள்ளே போய்விடும். ஊரே வரிசையில் நின்றது.

"குணமாச்சா?"

"ஆச்சும்மா. எங்கப்பாவுக்கே ஆச்சு. அப்புறம் சண்டைக் காலத்துல சிலையைக் கொள்ளையடிச்சுருவாங்கன்னு மண்ணுக்கடியில புதைச்சு வெச்சாங்க. மூச்சு குடுத்தவங்க ஒருத்தர் மிச்சமில்ல, அந்த வாரமே போயிட்டாங்க. எங்கப்பா என் மடியிலதான். அவங்க யாரும் சிலுவையில இருக்கறவரைக் கும்பிடலைம்மா. அவரை உபயோகிச்சாங்க. நான் சொல்லியிருக்கணும். இந்தக் காலத்துல யாரு போய் அந்த வாயில..."

அவள் போனைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தாள். நெஞ்சின்மேல் நீளமாகக் கிழித்தாள்.

பை பெருமூச்சோடு காற்றை இழுத்தது. மாடியில் தங்கையும் இழுத்தாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்பிப் போனார்கள். அதன்பிறகு சகோதரிகள் கீழே உட்கார்ந்து டீயைக் குடிக்காமல் ஆறவிட்டார்கள். மேஜைமேல் தூள் இன்னும் கொஞ்சம் விழுந்திருந்தது. புழு உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. காற்றை எடுத்தாலும் மருந்தடித்தாலும் அது தங்கையின் மூச்சில்தான் போய் நிற்கும், அதைக் கொல்ல வழியில்லை. கொல்லாமல் விட்டால் மரம் மிஞ்சாது. மரம் போகிற அன்றைக்கு என்ன ஆகும் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"குடுத்ததைத் திரும்ப வாங்கிடு" என்றாள் அக்கா.

"அந்த இருமலையா? மறுபடியுமா?"

"இருமல் இருந்தா மெதுவாத்தான் போவே. நான் கூட இருப்பேன். இது எந்த நிமிஷம்னே தெரியாது டி."

தங்கை வெகுநேரம் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் அவர், யாரும் திரும்ப வாங்கவே இல்லை என்றாள். பிறகு எழுந்துபோய்க் குனிந்தாள். இந்தத் தடவை உதடுகள் தொட்டன. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

இழுத்தாள்.

மனித நெஞ்சு எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அவள் அதைத் தாண்டியும் இழுத்துக்கொண்டிருந்தாள். தோள்கள் உயர்ந்தன, கழுத்து நரம்புகள் புடைத்தன. அக்கா இடுப்பைப் பிடித்து இழுத்தாள். மேஜையோடு ஆணி அடித்ததுபோல அவள் அசையவில்லை. சிலையின் நெஞ்சுக்குள் காற்று ஓடும் சத்தம், எங்கோ ஆழத்தில் பலபேர் ஒரே நேரத்தில் எழுந்து நடப்பதுபோலக் கேட்டது. அறையில் மெழுகுத்திரி வாசனையும், அழுக்குப் படுக்கைகளின் வாசனையும், காய்ச்சல் வேர்வையும் நிறைந்தன.

பிறகு நின்றது. தங்கை தரையில் சாய்ந்தாள். இருமினாள்.

அந்தப் பழைய, வறட்டு இருமல். அக்கா வாழ்நாளில் முதல்முறையாக அதைக் கேட்டு நிம்மதி அடைந்தாள். தங்கையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தங்கை மறுபடி இருமினாள்.

அது ஒரு கிழவரின் இருமல். கபம் கட்டிய, ஈரமான இருமல்.

அடுத்தது ஒரு சிறு குழந்தையுடையது.

அதற்கடுத்தது யாருடையது என்று அக்கா கேட்டுப் பார்க்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

விடியும்போது எல்லாம் அடங்கியிருந்தது. தங்கை குளித்துத் தலைவாரி, கீழே வந்து டீ போட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, உள்ளே இன்னும் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அக்கா கண்ணாடித்தட்டை எடுத்துச் சிலையின் வாயருகே பிடித்தாள். பனி படியவில்லை. தட்டிப் பார்த்தாள். காய்ந்த மரத்தின் வெற்றுச் சத்தம். அது இப்போது வெறும் கட்டை.

சிலையை உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். முற்பகலில் வண்டி வந்தது. வண்டியோட்டியின் கன்னம் எலுமிச்சம்பழம்போல வீங்கியிருந்தது. பல்வலியில் ராத்திரி தூங்கவில்லையாம். மணியடிப்பவர் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவளைத் தாண்டிச் சிலையைத் தூக்கிப்போகும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்.

தங்கை வண்டியோட்டிக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து நிமிர்ந்தான். கன்னத்தைத் தடவினான். வாயைத் திறந்து மூடிப் பார்த்தான்.

"அட, எங்க போச்சு" என்றான்.

தங்கை டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவளுடைய இடது கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. அவள் சிரிக்க முயன்றாள்.

வண்டி போன பிறகு அக்கா வாசல் கேட்டைப் பூட்டப் போனாள். எதிர்ப்புறம் சிலர் நின்றிருந்தார்கள். கக்கத்தில் ஊன்றுகட்டை வைத்த ஒருவர். கண்ணைத் துணியால் மூடிய ஒரு பெண். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய். குழந்தை அடிவயிற்றிலிருந்து கதறிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் தெரிந்தவர்களாகத் தோன்றவில்லை. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டாள். அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருமுனையில் இன்னும் சிலர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிக் கூட்டம் சேர்ந்த ஒருவருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியும். அவரைத்தான் அவள் சற்றுமுன் கம்பளியில் சுற்றி அனுப்பியிருந்தாள்.

கேட்டைப் பூட்டினாள். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு கதவில் முதுகை வைத்து நின்றாள்.

"கதவைத் திற, அக்கா" என்றாள் தங்கை. குரலில் கோபமில்லை. "பாவம், தூரத்துல இருந்து வந்திருக்காங்க."

"மாட்டேன்."

தங்கை வற்புறுத்தவில்லை. தலையசைத்துவிட்டு ஜன்னலருகே போய், சாத்திய கண்ணாடியோடு முகத்தைச் சேர்த்து நின்றாள். அவளைப் பார்க்க முடியாமல் அக்கா திரும்பி, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மரத்தின் வழியாக வெளியே குழந்தை கதறுவது கேட்டது.

சட்டென்று அழுகை நின்றது.

பிறகு உள்ளே, அவளுக்குப் பின்னால், அது தொடங்கியது.